15 லிட்டர் கீசரும் அதன் பாதுகாப்பு வால்வும்: 6 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோயம்புத்தூர் வடவள்ளியில் உள்ள எங்கள் வீட்டின் மாடிக் குளியலறையில் 2019 நவம்பரில் 15 லிட்டர் சேமிப்பு கீசர் ஒன்றைப் பொருத்தினோம். அந்தக் கீசரைப் பற்றியும், அதனுடன் வந்த பித்தளைப் பாதுகாப்பு வால்வைப் பற்றியும், இரண்டையும் பொருத்தவும் பழுது பார்க்கவும் வந்தவர்களின் வேலையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. கருவியில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. குறை முழுவதும் அதைக் கையாண்ட விதத்தில் இருந்தது. மேலும், இந்த வால்வு பல நிறுவனங்களின் கீசர்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வருவதால், வேறு கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். 2,000 வாட்ஸ் சூடேற்றும் காயில், உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிய எஃகுத் தொட்டி, 8 பார் அழுத்தம் வரை தாங்கும் என்ற குறிப்பு, வெப்பநிலையைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் வெளியே ஒரு குமிழ் ஆகியவை இதில் உள்ளன. வீட்டில் நால்வர் இருக்கிறோம். மார்கழிக் காலையில் இருவர் அடுத்தடுத்துக் குளிக்க இது போதுமானது. மூன்றாமவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். தொட்டி இதுவரை ஒழுகவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். கீசரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வால்வைப் பற்றித்தான்.

பெட்டியைப் பிரித்த அன்று கீசருடன் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில், விரல் நீளத்தில், பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் மூக்கும் மேலே ஒரு சின்ன நெம்பும் கொண்ட பித்தளைத் துண்டு ஒன்று இருந்தது. மல்டி ஃபங்ஷன் வால்வு என்று கையேட்டில் எழுதியிருந்தது. இதுதான் பாதுகாப்பு வால்வு: தொட்டிக்குள் அழுத்தம் அளவு மீறினால் திறந்து, அந்த மூக்கு வழியே தண்ணீரை வெளியே விடும். பொருத்த வந்தவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓவர்ஹெட் டேங்க் வீட்டுக்கு இது வேண்டியதில்லைங்க, தண்ணி வேகம்தான் குறையும்" என்று சொல்லிப் பையோடு என் கையில் கொடுத்துவிட்டார். நானும் அதை மின்கட்டண அட்டை, சாவிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு வைத்தேன். 3 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இந்த வால்வுக்குள் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு தடுப்பு இருக்கிறது. அதன் சுருள்வில்லைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் போக வேண்டும். எங்கள் மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் கீசரைவிடச் சுமார் 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, ஏறக்குறைய ஒரு பார்) என்பது ப்ளம்பர்கள் அனைவரும் வாய்ப்பாடாக வைத்திருக்கும் கணக்கு. அதன்படி எங்களுக்குக் கிடைத்தது 0.4 கிலோதான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இந்தத் தடுப்பு நீரோட்டத்தை ஓரளவு குறைக்கவே செய்யும். வால்வு இல்லாமலே கீசரை ஓட்ட முடிந்ததற்கு அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 210 மில்லி லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். 75 டிகிரி வரை போனால் 340 மில்லி. தொட்டியிலிருந்து கீசர் வரை குழாய் எந்தத் தடுப்பும் இல்லாமல் திறந்திருந்தால், விரிந்த தண்ணீர் வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து மேல்தொட்டிக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் முதல் 3 ஆண்டுகள் ஒன்றும் நேராமல் போனதற்கு அதுவே காரணம். வால்வு தேவைப்படவில்லை என்பதைவிட, வீட்டின் குழாயமைப்பே வால்வின் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் சரி.

2022 ஆகஸ்டில் பிரஷர் பம்ப் வைத்தோம். ஷவரில் தண்ணீர் நூல்போல் வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பம்ப் வந்ததும் ஷவர் உயிர்பெற்றது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பம்பின் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் குழாயை மூடிய பிறகு அழுத்தம் நிற்காது. பம்ப் பொருத்தியவர் பம்பை மட்டும் பார்த்தார். கீசரைப் பொருத்தியவர் கீசரை மட்டும் பார்த்திருந்தார். இருவருடைய வேலைக்கும் நடுவில், சூடாகி விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாத ஒரு மூடிய அமைப்பு எங்கள் வீட்டில் உருவாகிவிட்டது.

அறிகுறிகள் உடனே தெரிந்தன, ஆனால் அவற்றுக்குப் பொருள் புரியவில்லை. கீசர் ஓடி முடித்தபின் சுடுநீர்க் குழாயைத் திறந்தால் முதல் ஒரு நொடி தண்ணீர் சீறி அடித்துவிட்டுப் பிறகு இயல்பாக வரும். ஒருபோதும் ஒழுகாத மிக்ஸர் குழாய், கீசர் ஓடும்போது மட்டும் சொட்டியது. வாஷர் தேய்ந்துவிட்டதென்று இரண்டு முறை மாற்றினோம். அந்த ஆண்டு மார்கழியில் ஒரு நாள் அதிகாலை, கோலம் போட எழுந்த என் மாமியார் படிக்கட்டில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கீசருக்கும் சுவர்க் குழாய்க்கும் இடையிலுள்ள பின்னல் உறை போட்ட இணைப்புக் குழாய், நட்டுக்கு அருகில் பிய்ந்து தொங்கியது. ஏதோ குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று பம்ப் எண்ணிக்கொண்டு மேல்தொட்டியை முழுவதும் காலி செய்திருந்தது. அந்தக் குழாய்க்கு நேர் கீழே சற்று முன்தான் என் மகள் நின்று பல் துலக்கிவிட்டுப் போயிருந்தாள். அந்த நினைவு வரும்போதெல்லாம் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்தேன். மறுநாளே ஆள் வந்தார். நேரம் தவறாமை, மரியாதை இரண்டிலும் குறை சொல்ல முடியாது. வால்வு எங்கே என்று அவர்தான் முதலில் கேட்டார். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்புக்குறி பார்த்துக் குளிர்நீர் உள்ளே வரும் பக்கத்தில் சரியாகவே பொருத்தினார். கீசரை ஓடவிட்டபோது பக்கவாட்டு மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அவர் அதைப் பழுது என்று நினைத்தாரா, நான் நாளைக்குக் குறை சொல்வேன் என்று நினைத்தாரா எனத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு சிறிய மூடியை எடுத்து, டெஃப்லான் டேப் சுற்றி, அந்த மூக்கை இறுக்கி அடைத்துவிட்டு, "இனி சொட்டாதுங்க மேடம்" என்றார். கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு சென்றார். பணியறிக்கையில் வால்வு பொருத்தப்பட்டது என்று எழுதியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. கீசரோ முன்பிருந்த அதே நிலையில்தான் இருந்தது, பார்ப்பவருக்கு மட்டும் பாதுகாப்பாகத் தெரிந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வால்வு பொருத்திய பிறகும் சுடுநீர்க் குழாய் அதேபோல் சீறியது எனக்கு உறுத்தியது. காந்திபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் அரை அங்குல மரை கொண்ட, 0 முதல் 14 கிலோ வரை காட்டும் அழுத்தமானி ஒன்றை 340 ரூபாய்க்கு வாங்கினேன். வாளி பிடிக்கும் சுடுநீர்க் குழாயில் அதை மாட்டி, மற்ற குழாய்களை மூடி, கீசரைப் போட்டேன். தொடக்கத்தில் முள் 2.2 கிலோவில் நின்றது. அது பம்பின் அழுத்தம். சில நிமிடங்களில் முள் நகர ஆரம்பித்தது. கடிகாரத்தின் நிமிட முள்ளைப் போல, பார்த்துக்கொண்டிருக்கும்போது அசையாமலும், பார்வையை விலக்கித் திரும்பினால் ஏறியும் இருந்தது. 4 கிலோ. பிறகு 5. தண்ணீர் இன்னும் கைச்சூட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. 7 கிலோவைத் தொட்டபோது ஸ்விட்சை அணைத்துவிட்டு, பக்கத்துக் குழாயைத் திறந்தேன். முள் ஒரே கணத்தில் விழுந்தது. வால்வு அடைபட்ட நிலையில் இந்தச் சோதனையை நான் மறுபடி செய்ய மாட்டேன், யாரும் செய்ய வேண்டாம். ஆனால் அந்த ஏழு கிலோவைக் கண்ணால் பார்த்திராவிட்டால், சொட்டுவதை நிறுத்தியது எவ்வளவு பெரிய தவறு என்பது எனக்கே உறைத்திருக்காது.

அன்று மாலையே எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வேலை செய்யும் முதிய ப்ளம்பர் ஒருவரை வரச்சொன்னேன். மூடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஸ்பேனரால் அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பவும் யாராவது மாட்டிவிடக் கூடாது என்பதற்காக என்று பிறகு சொன்னார். "சொட்டுனா நல்லதுங்க அம்மிணி, சூடாகறப்ப சொட்டாம இருந்தாத்தான் என்னையக் கூப்பிடோணும்" என்றார். மூக்கில் கண்ணாடிபோல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, வளைவில்லாமல் கீழ்நோக்கி இறக்கி, தரையில் தண்ணீர் வடியும் சல்லடைக்கு ஒரு சாண் மேலே அதன் வாய் திறந்திருக்கும்படி விட்டார். குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது, அதில் எந்தத் திருகும் வைக்கக் கூடாது, வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வரக் கூடாது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொன்னார். அவர் வாங்கிய கூலி 300 ரூபாய். இந்த 6 ஆண்டுகளில் இந்தக் கீசருக்காக நான் கொடுத்த பணத்தில் மிகவும் மனநிறைவோடு கொடுத்தது அதுதான்.

மறுபடி அழுத்தமானியை மாட்டிப் பார்த்தேன். முள் முன்போலவே ஏறியது. 8 கிலோவை நெருங்கும்போது வால்வின் மூக்கில் ஒரு துளி திரண்டது, நின்றது, விழுந்தது. முள் சற்று இறங்கியது. பிறகு மீண்டும் ஏற்றம், மீண்டும் ஒரு துளி. தெர்மோஸ்டாட் அணைக்கும் வரை அப்படியே போயிற்று. சொட்டியதை ஒரு மருந்துக் குவளையால் அளந்தேன்: 170 மில்லி லிட்டர். கணக்கில் வரும் 210 மில்லியில் ஒரு பகுதி அழுத்தம் ஏறுவதிலேயே அடங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வீணாகிறதே என்று வருந்துபவர்கள் அதன் கீழே ஒரு வாளியை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலரும் குழம்புவது இதில்தான். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, அது அணைந்தபின் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. கீசர் அணைந்து, தண்ணீர் ஆறிய பிறகும் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தால், வால்வுக்குள் அடைப்பு வந்து அமரும் இடத்தில் மணலோ உப்புச் சில்லோ மாட்டியிருக்கிறது, அல்லது வீட்டுக்குள் வரும் தண்ணீரின் அழுத்தமே அளவுக்கு மீறியிருக்கிறது. பம்ப் அல்லது மிக உயரமான தொட்டி உள்ள வீட்டில் கீசர் ஓடும்போது ஒரு துளிகூட வராவிட்டால், வால்வு இறுகிப்போயிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். மூன்றில் எனக்கு அச்சம் தருவது கடைசி நிலைதான். அதில் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

வால்வின் ஆயுளைப் பொறுத்தவரை, எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமை பேசுவது அனைவரும் அறிந்தது. ஆனால் அந்த நல்ல தண்ணீர் சமையலறையோடு நின்றுவிடும். குளியலறைக்கு வருவது போர் உப்புத் தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் அனுமதிக்கும் உச்ச அளவாக 600 மில்லிகிராமையும் குறிக்கிறது. அந்த உச்சத்தின் விளிம்பில் இருக்கும் தண்ணீரைத்தான் நாங்கள் நாள்தோறும் சூடாக்குகிறோம். சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடுகிறது. வால்வின் மூக்கில் ஒவ்வொரு துளியும் காயும்போது சிறிதளவு உப்பை விட்டுச் செல்கிறது. ஓராண்டு கழித்து அந்த வாயின் ஓரத்தில், வெற்றிலைக்குத் தடவிக் காய்ந்த சுண்ணாம்பைப் போல ஒரு வெள்ளை வளையம் இருந்தது. 2 ஆண்டு முடிவில் நெம்பைத் தூக்கியபோது அது அசையவே இல்லை. வலிந்து தூக்கியபின் தண்ணீர் வந்தது, ஆனால் மறுபடி முழுதாக மூடிக்கொள்ளவில்லை.

அதைக் கழற்றிப் புதியது மாற்றினேன். விலை 380 ரூபாய். பழையதை வினிகரில் ஊறவைத்து மீட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதன் சுருள்வில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லாததால் நான் அதை ஏற்கவில்லை. குளியலறை கழுவும் ஆசிட்டில் போடலாம் என்று ஒருவர் சொன்னதை இன்னும் வன்மையாக மறுக்கிறேன். அது பித்தளையையும் அரிக்கும், சுருள்வில்லையும் அரிக்கும். கடையில் வாங்கும்போது வால்வின் உடலில் 8 பார் என்று பொறித்திருக்கிறதா, நீர் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா, கையால் தூக்கிப் பார்க்க நெம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் கீசரின் தகட்டில் 6.5 பார் என்று எழுதியிருந்தால் 8 பாரில் திறக்கும் வால்வு அதற்குப் பயன்படாது. வால்வு திறக்கும் அளவு தொட்டி தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. நெம்பு இல்லாத மலிவு வகையும் கடைகளில் இருக்கிறது. சோதித்துப் பார்க்க முடியாத பாதுகாப்புக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதனை மிக எளிது. கீசரை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு, நெம்பை மெதுவாகத் தூக்கினால் மூக்கு வழியே தண்ணீர் தாராளமாக வர வேண்டும். விட்டவுடன் முழுதாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டு உள்ளிருக்கும் சில்லைக் கழுவிப் பார்க்கலாம். அப்போதும் நிற்காவிட்டால் மாற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது, கை வெந்துவிடும். தேதி மறந்துபோகும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கெடுக்க வரும் நாளை நான் அடையாளமாக வைத்திருக்கிறேன். அவர் கீழே மீட்டரைப் பார்க்கும்போது நான் மேலே நெம்பைத் தூக்கிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு, வால்வும் அடைபட்டு, தெர்மோஸ்டாட்டும், சூடு அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் மிகைவெப்பத் துண்டிப்பானும் ஒருசேரப் பழுதானால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 8 பார் அழுத்தத்தில் 175 டிகிரி வரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். அந்த நிலையில் தொட்டி பிளந்தால், அழுத்தம் நீங்கிய கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். சமையலறைக் குக்கரில் விசிலையும் அடைத்து, பாதுகாப்பு மூடியையும் அடைத்துவிட்டு அடுப்பைப் பெரிதாக வைக்க எந்த வீட்டிலும் யாரும் துணிய மாட்டார்கள். கீசரும் குக்கரைவிடப் பெரிய, தலைக்கு மேலே தொங்கும் ஒரு அழுத்தப் பாத்திரம்தான். மூன்று பாதுகாப்புகளும் ஒரே நேரத்தில் செயலிழப்பது அரிது என்பது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் அவற்றில் ஒன்றை ஒரு மூடியைத் திருகி ஒரே நிமிடத்தில் இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு பழுதானது. துண்டிப்பான் வேலை செய்ததால் கீசர் அணைந்தது. அந்த இரண்டும் ஒரே மாதத்தில் நேர்ந்திருந்தால் எங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பாதுகாப்புதான் மிஞ்சியிருக்கும்.

வெப்பநிலைக் குமிழைப் பற்றியும் ஒரு சொல். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது உச்சத்தில் இருந்தது. நான் 60 டிகிரிக்குக் குறைத்தேன். அதற்கும் கீழே வெதுவெதுப்பாகவே தொட்டியில் தேக்கி வைத்தால் லெஜியோனெல்லா என்னும் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளர இடமுண்டு. 60 டிகிரி நீரும் 5 நொடியில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் மிக்ஸரில் குளிர்நீரை முதலில் திறக்கப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். இதில் குழாய்களுக்கும் ஒரு நன்மை இருக்கிறது. சுவருக்குள் போகும், சிபிவிசி என்னும் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களில் பரவலான எஸ்.டி.ஆர். 11 வகை (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப் போல் 11 மடங்கு), சாதாரண வெப்பநிலையில் 28 கிலோ அழுத்தம் தாங்கும். 60 டிகிரியில் அது பாதியாகக் குறையும். 82 டிகிரியில் 7 கிலோதான். அதாவது, குமிழை உச்சத்தில் வைத்திருந்தால், 8 பாரில் திறக்கும் வால்வு தொட்டியைக் காப்பாற்றினாலும் குழாயைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. இந்த வால்வின் மீது எனக்குள்ள உண்மையான குறை இதுதான்: தொட்டியை மட்டும் மனத்தில் வைத்து 8 பார் என்று அமைத்திருக்கிறார்கள். கையேட்டில் குழாய்களைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

ஆண்டுப் பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உப்புத் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கீசரின் அடித்தட்டைக் கழற்றிக் காயிலைச் சுத்தம் செய்வது அவசியம். எங்கள் காயிலிலிருந்து உதிர்ந்தவை கிளிஞ்சல் ஓடுகளைப் போல ஒரு முறம் நிறைய வந்தன. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசியக் கம்பி, விரல் தடிமனில் இருந்தது, 2 ஆண்டில் நடுவிலிருக்கும் இரும்புக் கம்பி தெரியும் அளவுக்குக் கரைந்திருந்தது. அதை மாற்றாமல் விடுவது தொட்டியின் ஆயுளை நேரடியாகக் குறைக்கும்.

தண்ணீரின் வரத்து அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெடியூசிங் வால்வு வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற தனி வீட்டுக்கு, பம்ப் 2 கிலோ அளவில் நிற்கும்வரை, அது தேவையில்லை. சூட்டால் விரியும் தண்ணீரை அது ஒன்றும் செய்யாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விரிவை அழுத்தம் ஏறாமலே ஏற்றுக்கொள்ள, உள்ளே ரப்பர்ப் பை வைத்த சிறு விரிவுக் கலம் ஒன்றை வைக்கலாம். கோவையில் நான் போன கடைகளில் வீட்டளவில் அது கிடைக்கவில்லை. அடுக்குமாடியின் கதை வேறு. சென்னையில் 14 மாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளத்தில் என் அக்கா இருக்கிறார். அங்கே என் அழுத்தமானியை மாட்டியபோது, எந்தக் குழாயும் திறக்காமல், கீசரும் போடாமல், முள் 4.1 கிலோவில் நின்றது. மேலே தொட்டி 40 மீட்டர் உயரத்தில் இருந்தால் அப்படித்தான் இருக்கும். குழாயை வேகமாக மூடினால் சுவருக்குள் சுத்தியலால் அடித்ததுபோல் சத்தம் வந்தது. அவர் வீட்டு நுழைவுக் குழாயில் பித்தளை ரெடியூசிங் வால்வு ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தி 2.5 கிலோவில் நிறுத்தினோம். சத்தம் நின்றது, கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வு அடிக்கடி கெடுவதும் நின்றது. அதற்குள் இருக்கும் சிறு வலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வரத்து குறைந்து, குறை வால்வின் மீது விழும்.

என் மதிப்பீடு இதுதான். கீசருக்கு ஐந்தில் நான்கு தருவேன். அதே மாதிரியை மறுபடி வாங்கவும் தயங்க மாட்டேன். பாதுகாப்பு வால்வுக்கும் நான்கு: உப்புத் தண்ணீரில் 2 ஆண்டு உழைத்தது, 380 ரூபாய்க்கு அது நியாயம். அழுத்தமானிக்கு ஐந்து. பொருத்துதல் சேவைக்கும் முதல் சேவை வருகைக்கும் ஒன்றுக்கு மேல் தர என்னால் இயலவில்லை. அந்த மூடியைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு எழுதினேன். பயிற்சியில் இதைச் சேர்ப்பதாகப் பதில் வந்தது. சென்ற ஆண்டு பராமரிப்புக்கு வந்த இளைஞர், நான் எதுவும் சொல்லும் முன்பே வால்வின் நெம்பைத் தூக்கிப் பார்த்து, அந்தப் பிளாஸ்டிக் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த வருகைக்கு ஐந்து தருகிறேன்.